உப்பு ஊர்ல சக்கரை குத்தினவன்

டேய், சிரிக்காம கேளுங்கடா. டீக்கடையில "மாஸ்டர், சக்கரை இல்லாம ஒரு டீ"ன்னு ரோட்டுக்கே கேக்குற மாதிரி கத்திட்டு, அந்த டீயில முக்கி ரெண்டு பன்னு வாங்கித் திங்கிற கூட்டம் தானே நீங்க? உங்களுக்குத் தான் சொல்றேன். விரல் குத்துற தொழில் மாதிரி கேவலமான தொழில் கிடையாது. சலூன்காரன் கத்தியைத் தீட்டிக்கிட்டு வந்தா கழுத்தையே நீட்டுறானுங்க. நாங்க துளியூண்டு ஊசியோட போனா விரலை வேட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சுக்குறானுங்க. லேப்ல வேலை பாக்குற என் சக பாவிங்களுக்கு இது தெரியும்.

நான் இதுக்குப் படிச்சவன் இல்ல. திண்டிவனத்துல டிப்ளமோ சேர்ந்தேன், ரெண்டாவது வருஷம் நான் காலேஜை விட்டேனா காலேஜ் என்னை விட்டுச்சான்னு இன்னும் வீட்ல சண்டை நடக்குது. அப்ப தான் சுனாமி வந்துச்சு. அதுக்கப்புறம் மரக்காணம் கரையில கேம்ப் போடாத ஆளே இல்ல. கண்ணு கேம்ப், பல்லு கேம்ப், சுகர் கேம்ப். மேசை தூக்கிப் போட ஆள் கேட்டாங்க, போனேன். நர்ஸுக்குக் கை வலிச்சதும் மிஷினை என் கையில குடுத்துட்டாங்க. கேம்ப் போயிடுச்சு, நான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பாபு சார் லேப்ல ஒட்டிக்கிட்டேன். ஒரு மொபெட்டு, ஒரு ஐஸ் பொட்டி, பை நிறைய பஞ்சு. கிளியனூர்லேர்ந்து கீழ்புத்துப்பட்டு வரைக்கும் எவன் ரத்தம் எவ்ளோ இனிப்புன்னு எனக்குத் தான் தெரியும்.

எறும்பு வைத்தியம்

கேம்ப்ல நான் குத்தின ரெண்டாவது விரல் வேணு அண்ணாவோடது. உப்பளத்துல அவரு தான் மடைக்காரர். எந்தப் பாத்திக்கு எப்ப தண்ணி விடணும், எப்ப நிறுத்தணும், எல்லாம் அவரு சொல்றது தான். தை மாசம் சீசன் ஆரம்பிக்கும்போது மொதலாளி கற்பூரம் காட்டி ஒரு மண்வெட்டியை எடுத்து மடைக்காரர் கையில குடுப்பாரு. அதை வாங்குனவர் தான் அந்த வருஷம் பூரா வரப்பை வெட்டித் தண்ணி விடுவாரு. மத்தவங்க எல்லாம் கூலி, இவரு மட்டும் "அண்ணா". நான் சொல்லப் போற கதை பூரா அந்த மண்வெட்டி அவர் கையில நிக்குமா நிக்காதான்னு தான்.

மிஷின்ல நானூத்துச் சொச்சம் காட்டுச்சு. நான் மிஷின் ரிப்பேர்னு நினைச்சு இன்னொரு விரலையும் குத்தினேன். அதுவும் நானூறைத் தாண்டுச்சு. "அண்ணா, கால் எரிச்சல், ராத்திரி நாலு வாட்டி எந்திரிக்கிறது, ஒண்ணும் தெரியலையா?"ன்னேன். "தெரிஞ்சுது. அதான் வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணிக்கினு தானே இருக்கேன்"ன்னாரு. எங்கன்னு கேட்டா, உப்பளத்து வரப்பு மேல. சுகர் இருந்தா ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்கும்னு எவனோ சொல்லியிருக்கான். இவரும் பல வருஷமா வரப்பு மேல போய்ட்டு, நின்னு பார்த்துட்டு, ஒரு எறும்பு கூட வரலைன்னு சந்தோஷமா வீட்டுக்குப் போயிருக்காரு. "அண்ணா, உப்பு பூத்த மண்ணுல எறும்பு எங்கண்ணா வரும்? வெல்லத்தை உடைச்சுப் போட்டாலும் வராதே"ன்னேன். உப்பளம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாரு. அப்புறம் சொன்னாரு: "ஏம்பா, அப்ப தப்பு என் மேல இல்ல, எறும்பு மேல."

மாமியார் டெஸ்ட்டு

கிளியனூர்ல கலியபெருமாள்னு ஒரு விவசாயி. டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு நாளு மனுஷன் முனிவர் ஆயிடுவாரு. கேப்பங்கூழு, வெந்தயத் தண்ணி, பாவக்கா ஜூஸு. ரத்தம் எடுத்த அடுத்த நிமிஷம் நேரா பரோட்டா கடை. ரிசல்ட் மட்டும் ஸ்கூல் பசங்க பரிட்சை மாதிரி எப்பவும் பாஸு.

எங்க லேப்புக்கு டெஸ்ட் எழுதி அனுப்புற டாக்டரம்மா சிரிச்சிட்டு, இந்த வாட்டி மூணு மாச ஆவரேஜ் பாக்குற டெஸ்ட்டை எழுதிக் குடுத்தாங்க. சக்கரை ரத்தத்துல போய் ஒட்டிக்குமாம், ரெண்டு மூணு மாசத்துக்கு விடாதாம். பாண்டிக்கு சாம்பிள் அனுப்பினோம். தின்ன பரோட்டா அத்தனையும் வரிசையா வந்து நின்னுச்சு. கலியபெருமாள் ரிப்போர்ட்டைத் தலைகீழாப் புடிச்சுப் பார்த்தாரு, நேராப் புடிச்சுப் பார்த்தாரு. "நேத்து நான் பட்டினி கெடந்ததைச் சொல்லல, ரெண்டு மாசத்துக்கு முன்னால தின்னதைச் சொல்லிக் காட்டுது. தம்பி, இது டெஸ்ட்டா எங்க மாமியாரா?"

ரெண்டு எலை

கலியபெருமாள் மாதிரி ஏமாத்துறவனை வெச்சு சமாளிச்சிடலாம். வேணு அண்ணா ஏமாத்தல, அதான் பிரச்சனை. மாத்திரைக்குக் கேக்காம அவரை இன்சுலின் ஊசிக்கு மாத்தியிருந்தாங்க. சொன்னதெல்லாம் பண்றேன்னாரு. ஆனா சுகர் ஒரு நாள் தென்னை மர உயரத்துல, ஒரு நாள் பாதாளத்துல. நான் தான் டெஸ்ட்டைத் தப்பா எடுக்குறேன்னு பாபு சார் சந்தேகப்பட்டாரு.

ஆவணியில கீழ்புத்துப்பட்டுல ஒரு கல்யாணம். நானும் போயிருந்தேன், வேணு அண்ணாவும் சரோஜாக்காவும் வந்திருந்தாங்க. சரோஜாக்கா அவரு சம்சாரம், அதே உப்பளத்துல உப்பு வாருறவங்க. முதல் பந்தியில அண்ணா எனக்கு எதிர்ல உக்காந்து நல்லா சாப்பிட்டாரு. கை கழுவிட்டு வெளிய போனாரு. ரெண்டாவது பந்திக்கு எலை போட்டதும் திரும்பி வந்து உக்காந்துட்டாரு. பந்தல்ல இருந்தவனுங்க எல்லாம் கை தட்டிச் சிரிச்சானுங்க. "மடைக்காரர் வயித்துல மடையைத் திறந்து விட்டுட்டாருடா"ன்னு நான் தான் முதல்ல கத்தினேன். நல்லா எடுபட்டுச்சு. அவரும் சிரிச்சாரு, ஆனா எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு தெரியாத சிரிப்பு. சாம்பார் வாளியோட வந்த பையன் அப்படியே நின்னுட்டான். அவனுக்கு மட்டும் சிரிப்பு வரல. "அண்ணா, உன் எலையை நான் தானே எடுத்துப் போட்டேன். இன்னும் என் கை ஈரம் கூட காயல."

சக்கரை இல்லாத மலை

புரட்டாசி, சீசன் முடியுற நேரம். மழை வர்றதுக்குள்ள இருக்குற உப்பை வாரிடணும்னு எல்லாரும் ஓடிட்டு இருந்தாங்க. நான் அந்தப் பக்கம் வேற ஒருத்தர் ரத்தத்துக்குப் போனேன். பார்த்தா உப்பளத்துல ஒரே கூச்சல். உப்பு கட்டி, வாருறதுக்கு ரெடியா நின்ன பாத்திங்க மேல வேணு அண்ணா புதுத் தண்ணியைத் திறந்து விட்டுட்டாரு. கட்டின உப்பு கண்ணு முன்னால கரையுது. அவரு வரப்பு மேல மண்வெட்டியைப் புடிச்சுக்கினு ஆடுறாரு, வேர்த்துக் கொட்டுது, நாக்கு குழறுது. மொதலாளி பனியனோட ஓடி வந்து, "காலங்காத்தால ஊத்திக்கினு வந்துட்டியா? வாயை ஊது!"ங்குறாரு. ஊதினாரு. நாத்தம் ஒண்ணும் இல்ல. "இன்னா சரக்குடா இது, வாசனையே இல்ல"ன்னு மொதலாளிக்கு இன்னும் கோவம்.

நான் விரலைக் குத்தினேன். நாப்பது. எழுபதுக்குக் கீழ போனாலே ஆபத்து. "சக்கரை குடுங்க, சீக்கிரம்!"னேன். அங்க பாருங்கடா கொடுமையை. கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெள்ளை வெள்ளையா மலை மாதிரி குவிச்சு வெச்சிருக்கானுங்க, அதுல ஒரு ஸ்பூன் சக்கரை கிடையாது. ஒருத்தன் உப்புத் தண்ணி குடுக்கலாமான்னு கேக்குறான். ரோட்ல ஐஸ் வண்டி மணி கேட்டுச்சு. ஓடினேன். சேமியா ஐஸ் ரெண்டு வாங்கிட்டு வந்து வாயில வெச்சேன். நல்ல வேளை, முழுங்குற அளவுக்கு நெனவு இருந்துச்சு. மொதலாளி என் சட்டையைப் புடிச்சுட்டாரு. "சுகர்காரனுக்கு ஐஸ் குடுக்குறியே, நீ இன்னா டெஸ்ட் எடுக்க வந்தவனா, கொலை பண்ண வந்தவனா?" சுகர் ஏறினா மட்டும் இல்ல சார், எறங்கினாலும் ஆள் காலின்னு நான் சொல்றதுக்குள்ள வேணு அண்ணாவுக்குக் கண்ணு தெளிஞ்சிடுச்சு. சுத்திப் பார்த்தாரு. கரையுற உப்பைப் பார்த்தாரு. அவருக்கு வந்துச்சே ஒரு கோவம். "எந்த அறிவு கெட்டவன்யா மடையைத் திறந்து வெச்சிருக்கான்?"

கசடு வாருற ஆளு

மொதலாளி அன்னைக்கே சொல்லிட்டாரு, தைக்கு மண்வெட்டி வேற ஆள் கைக்குன்னு. அவரு மச்சான் பையன் ஒருத்தன் சும்மா இருக்குறானாம். சரோஜாக்கா அழல, நேரா அண்ணாவை இழுத்துக்கினு டாக்டரம்மாகிட்ட வந்துட்டாங்க. நானும் கூடப் போனேன். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "இவருக்கு சுகரா, மறதியா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க, நான் பார்த்துக்குறேன்."

டாக்டரம்மா சொன்னதை நான் உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன், ஏன்னா எனக்கே அப்படித் தான் புரிஞ்சுது. மூளைக்கும் இன்சுலின் வேணும். சுகர்காரங்க உடம்பு இன்சுலின் சொல்றதைக் காதுல வாங்காம போவுது இல்ல, மூளையும் அந்த மாதிரி செவுடாயிட்டா, ரத்தத்துல சக்கரை ஓடினாலும் மூளை பட்டினி. இது ஒண்ணு. மூளைக்குப் போற பொடி ரத்தக்குழாய் எல்லாம் சக்கரையால பாழாவுது, அது இன்னொண்ணு. அப்புறம் மூளையில ஒரு மாதிரி கசடு சேருமாம், அல்சைமர்னு சொல்ற மறதி வியாதியில அந்தக் கசடு தான் கட்டி கட்டியா நிக்குமாம். அதைக் கரைச்சுத் தள்ளுற சாமான் ஒண்ணு உடம்புலயே இருக்குது. அதே சாமான் தான் மிச்சமான இன்சுலினையும் கரைக்கணும். இன்சுலின் ஜாஸ்தியா கெடந்தா அது அங்கயே மாட்டிக்கும், இந்தப் பக்கம் கசடு அப்படியே தங்கிடும். வெளிநாட்டுல சில பேரு அல்சைமரையே சுகர்ல மூணாவது வகைன்னு பேச ஆரம்பிச்சிருக்காங்களாம். "ஆனா இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில தான் இருக்குது. சுகர் இருக்குற எல்லாருக்கும் மறதி வராது, வர்றதுக்கு வாய்ப்பு அதிகம், அவ்ளோ தான்"ன்னு கறாரா சொன்னாங்க.

அப்புறம் தான் விஷயத்துக்கு வந்தாங்க. "ஊசி யாரு போடுறது?" அவரே தான். "போட்டுட்டு மறந்து திரும்பப் போடுறீங்களா?" அண்ணா ரொம்ப நேர்மையா சொன்னாரு, "மறந்திருந்தா எனக்கு எப்படிங்க தெரியும்?"னு. பாயிண்ட்டு தானே. சக்கரையால மறதி, மறதியால டபுள் ஊசி, டபுள் ஊசியால சக்கரை எறங்கி, எறங்குற ஒவ்வொரு வாட்டியும் மூளைக்கு இன்னொரு அடி. "முதல்ல இந்தச் சுத்தலை நிறுத்துங்க. அதுக்கப்புறம் எவ்ளோ மறதி மிச்சம் நிக்குதுன்னு பார்ப்போம்"ன்னாங்க டாக்டரம்மா. நான் எங்க உப்பள பாஷையில அண்ணாவுக்குச் சொன்னேன்: "ஒரே ஆளு, ரெண்டு பாத்தி. இந்தப் பாத்தியில வேலை முடியல, அந்தப் பாத்தியில கசடு ஏறிப் போச்சு." அவருக்கு மூஞ்சி மலர்ந்துடுச்சு. "அப்ப எனக்கு வியாதியே இல்ல, ஆள் பத்தல. இதுக்கு எதுக்கு இவ்ளோ இங்கிலீசு?"

தர்பூசணிக்கு ஊசி

இனிமே ஊசி சரோஜாக்கா தான் போடணும்னு முடிவாச்சு. கத்துக் குடுக்க வேண்டியது நான். அக்காவுக்கு உப்பு வாரி வாரி கை கட்டை மாதிரி இருக்கும், சிரிஞ்சு புடிச்சா வெறகு புடிக்கிற மாதிரி புடிச்சாங்க. பழகுறதுக்கு ஒரு தர்பூசணி வாங்கினேன். வெறும் தண்ணியை ஏத்தி ஏத்தி ரெண்டு நாளு குத்தினோம். பழத்துக்கு ஊசி போடுற பொம்பளையைப் பாக்குறதுக்கு அந்தத் தெருவே வேலை வெட்டிய விட்டுட்டு வந்துச்சு. ஒருத்தர் எங்கிட்ட ரகசியமா, பழத்துக்கு சுகர் எவ்ளோன்னு கேட்டாரு.

மூணாவது நாளு அண்ணா வயித்துல போடணும். அக்கா சிரிஞ்சை எடுத்தாங்க, வெச்சாங்க, திரும்ப எடுத்தாங்க. அண்ணா சட்டையைத் தூக்கிட்டு மேல கூரையைப் பார்த்துக்கினு நிக்குறாரு. "ரெண்டு நாளா போட்டீங்களே அக்கா, இன்னா பயம்?"னேன். அக்கா திரும்பிப் பார்க்காம சொன்னாங்க: "பழம் என்னைக் கல்யாணம் பண்ணிக்கல தம்பி."

அப்புறம் போட்டாங்க. வீட்ல ஃபிரிட்ஜ் இல்ல, அதனால மருந்து பாட்டில் ஈர மணல் சட்டியில, சிரிஞ்சு டப்பா அக்கா இடுப்புல. அண்ணாவுக்குக் கை எட்டாது. மழை மாசம் பூரா சுகர் நேராப் போச்சு. வேர்க்குறது, குழறுறது எல்லாம் நின்னுடுச்சு. பேச்சு தெளிஞ்சுது. ஆனா டாக்டரம்மா சொன்ன மாதிரி மிச்சம்னு ஒண்ணு நின்னுச்சு. காலையில நடந்தது சாயங்காலத்துக்கு இல்ல. பழசெல்லாம் கல்லு மாதிரி இருக்குது. புதுசு ஒட்டவே மாட்டேங்குது.

யார் கையில

தை வந்துச்சு. பாத்தித் தரையெல்லாம் காலால மிதிச்சு கெட்டியாக்கி ரெடி பண்ணி, மொதலாளி தேங்கா, பழம், கற்பூரத்தோட வந்துட்டாரு. மச்சான் பையனும் வந்திருந்தான், புது பேன்ட்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, வரப்பு மேல நடக்கறதுக்கே ரெண்டு வாட்டி வழுக்கினான். வேணு அண்ணா வெள்ளை வேட்டியில முன்னால வந்து நின்னாரு. மொதலாளிக்கு சங்கடம். நேரா வேணாம்னு சொல்ல முடியல, பத்து வருஷத்துக்கு மேல குடுத்த கை. "ஏம்பா வேணு, காலைல இன்னா சாப்பிட்ட?"ன்னாரு. எல்லாருக்கும் புரிஞ்சுது இது எதுக்குன்னு. அண்ணா சரோஜாக்காவைப் பார்த்தாரு. அப்புறம் மொதலாளியைப் பார்த்து, "அதை அவளைக் கேளுங்க. மடையை எப்ப திறக்கணும், எப்ப மூடணும், அதை என்னைக் கேளுங்க"ன்னாரு.

"மூடணும்னு தெரிஞ்சு மறந்துட்டீன்னா? போன வருஷம் கரைஞ்ச மாதிரி கரைஞ்சா?"ன்னாரு மொதலாளி. அது நியாயமான கேள்வி தான், நான் பொய் சொல்லல. சரோஜாக்கா கும்பல்லேர்ந்து முன்னால வந்தாங்க. "மண்வெட்டியை ரெண்டு பேர் கையிலயும் சேர்த்துக் குடுங்க. கை அவருது, ஞாபகம் என்னுது. எந்த மடை திறந்திருக்குதுன்னு நான் பார்த்துக்குறேன்." பொம்பளை கையில மண்வெட்டி குடுக்குற வழக்கம் அங்க கிடையாது. உப்பு வாருறது, தலையில சுமக்குறது, கால் வெடிச்சு ரத்தம் வர்றது, அதுக்கெல்லாம் பொம்பளைங்களுக்குத் தாராளமா வழக்கம் இருக்குது. மொதலாளி மச்சான் பையனைப் பார்த்தாரு. அவன் கண்ணாடியைத் துடைச்சிட்டு இருந்தான். மொதலாளி அக்கா பக்கம் திரும்பி, "ஆளு ரெண்டு, கூலி ஒண்ணு தான் தருவேன். சம்மதமா?"ன்னாரு. சொல்லிட்டு அவரே சிரிச்சாரு. வேற எவனும் சிரிக்கல.

அக்கா மண்வெட்டியை வாங்கி, பாதிக் காம்பை அண்ணா கையில குடுத்துட்டு சொன்னாங்க: "வீட்லயும் வேலை பார்த்து உங்க உப்பளத்துலயும் வேலை பார்த்தேனே, அதுக்கு ஒரு கூலி தானே குடுத்தீங்க மொதலாளி? அதே கணக்குல இதையும் சேர்த்துக்குங்க."

அந்த சீசன்ல உப்பு கரையல. அண்ணா வரப்பை வெட்டுவாரு, அக்கா எங்கிருந்தாலும் "போதும், மூடு"ன்னு குரல் குடுப்பாங்க. சில நாளு நான் போனா பேரைச் சொல்லிக் கூப்புடுவாரு, சில நாளு "யாருப்பா நீ, எந்த ஊரு?"ன்னுவாரு. நீங்க டீக்கடையில என்னமோ நான் ஊசியும் மிஷினுமா நின்னு அந்த மனுஷனைக் காப்பாத்தின மாதிரி பேசிக்கிறீங்களேடா, உண்மையைச் சொல்றேன்: அவரு ஒவ்வொண்ணா மறந்துட்டே வந்தாரு, நான் அதையெல்லாம் ஒவ்வொண்ணா கதையாக்கி உங்க காசுல டீ குடிச்சேன், நான் பார்த்த வைத்தியம் அவ்ளோ தான்.